கோடிங் இல்லாமல் கேம்: விடுபட்ட ஒரு விஷயம்

கோடிங் தெரியாமலே வீடியோ கேம் செய்யலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வது சரிதான். 2011-இல் வந்த ‘டு தி மூன்’ என்ற கேம், கோடிங் இல்லாமலே கேம் செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் என்ற மென்பொருளில் உருவானது. ஆனால் படங்களையும் கட்டளைகளையும் திரையில் “இழுத்துப் போட்டால் போதும்” என்ற அவருடைய வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே மாதிரியான இன்னொரு மென்பொருளான ஜிடெவலப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். ‘வீரன் எதிரிமீது மோதினால்’ என்று இங்கே வைத்து, ‘ஓர் உயிரைக் குறை’ என்று அங்கே வைக்கிறோம். ஓட்டிப் பார்த்தால் தொட்ட மாத்திரத்தில் எல்லா உயிரும் போய்விடும்! காரணம், அந்த நிபந்தனை பொதுவாக நொடிக்கு 60 முறை சரிபார்க்கப்படுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் கழியும். ‘ட்ரிகர் ஒன்ஸ்’ (ஒவ்வொரு மோதலுக்கும் ஒரே ஒரு முறை மட்டும்) என்ற நிபந்தனையையும் கூடவே சேர்த்தால் பிரச்சினை தீரும். ஒரு வரி கோடிங் எழுதவில்லை, ஆனாலும் இது முழுக்க புரோகிராமர் யோசிக்கிற விதம்தான். புதிதாக வருபவர்கள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

அப்புறம், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைக் கொடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும். முதல் கேமே பிரம்மாண்டமாக வேண்டாம். ஒரே திரை, ஒரு பந்து, ஒரு மட்டை. அதை முழுசாக முடித்து நண்பர்களிடம் விளையாடக் கொடுக்கட்டும்.