சிஏ-125 கூடினாலே புற்றுநோயா?

சிஏ-125 என்பது இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். "சிஏ-125 அளவு 35-ஐத் தாண்டினால் சினைப்பைப் புற்றுநோய்தான், உடனே ஆபரேஷன் செய்யுங்கள்" என்று சிலர் எழுதுவது தவறு. இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் தூக்கம் இல்லாமல் கிடப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, இடுப்புக்குழித் தொற்று, வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருக்கம் என எதிலும் இந்த அளவு கூடலாம். மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும்கூடக் கூடும். மறுபக்கம், முதல் நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு நார்மலாகவே இருக்கும். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான்.

மருத்துவர்கள் ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே பார்ப்பார்கள். சினைப்பைக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ஆர்எம்ஐ என்ற கணக்கு 1990-லிருந்தே இருக்கிறது. ஸ்கேனில் தெரியும் கட்டிக்குள் பல அறைகள், திடமான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல் ஆகிய 5 அறிகுறிகளில் ஒன்று மட்டும் இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3, எதுவுமே இல்லையென்றால் 0. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இவற்றை சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும்.

அதே 90 என்ற சிஏ-125 அளவுக்கு ஆர்எம்ஐ, மாதவிடாய் நிற்காத, ஒரே அறிகுறி உள்ள பெண்ணுக்கு 90-தான். மாதவிடாய் நின்று, இரண்டு அறிகுறி உள்ளவருக்கு 810! பொதுவாக ஆர்எம்ஐ 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஸ்கேனில் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ.

அப்புறம், இளம்பெண்களுக்குத் திடமான கட்டி என்றால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் பார்க்க வேண்டும். அந்த வயதில் வரும் கட்டி வகையே வேறு.