விளையாட விடாத அப்டேட்

இந்தக் கேம் அப்டேட் தொல்லை தாங்க முடியவில்லை. ஞாயிறு பின்னேரம் அக்காவின் மகன் உப்புவெளியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறான். கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் திரையில் ‘அப்டேட் தேவை’. அளவைப் பார்த்தால் நாற்பது ஜிபி! பகல் டேட்டாவை இதற்குக் கொட்டினால் மாதக் கடைசியில் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் ஏசுவார்கள். சரி, நைட் டேட்டா தொடங்கும் வரை காத்திருக்கலாம் என்றால் பொடியன் வீட்டுக்குப் போய்விடுவான். நீலக்கோடு மூன்று சதவீதத்தில் நிற்க, அவன் முகம் வாடிப்போனது.

இதற்குக் காரணம் கேம் செய்பவர்களின் சோம்பல்தான் என்பேன். படம், ஒலி எல்லாவற்றையும் பெரிய பெரிய கோப்புகளாகக் கட்டி வைக்கிறார்கள். உள்ளே சின்னதாக ஒன்றை மாற்றி அடுக்கைக் குலைத்தாலும் பெரும்பகுதியைத் திரும்ப இறக்க வேண்டும். என்ன மாறியது என்று கேட்டால் ‘பிழைகள் திருத்தப்பட்டன’ என்று ஒரே வரி.

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுக்கக் கரண்ட் போனபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். குரங்குக்கு ஒன்றும் தெரியாது, பாவம். இந்தக் கேம் செய்பவர்கள் படித்த பொறியியலாளர்கள் அல்லவா?

ஒன்லைனில் ஆட அப்டேட் கேளுங்கள், நியாயம். வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து ஆடும் ஆட்டத்தை ஏன் பூட்ட வேண்டும்? பழைய பதிப்பிலேயே திறக்க விடுங்கள்.