கையை நீட்டினால் கடிக்கிறது என்கிறவர்களுக்கு

நேற்று எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒருவர் கூண்டுக்குள் கையை விட்டு காக்கட்டீல் என்ற சின்னக் கொண்டைக் கிளி ஒன்றைத் துரத்துகிறார். அது கம்பிக்குக் கம்பி தாவி, மூலையில் ஒடுங்கி, கடைசியில் அவர் விரலைக் கவ்வுகிறது. சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். "ரொம்பத் திமிர் பிடிச்சது போல" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தேன். அதனால்தான், துரத்தாமல் பிடிக்காமல் ஒரு கிளியைப் பழக்கிய கதையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது சன் கொன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளி. பெயர் பொன்னி. வந்தபோது நாலைந்து மாதக் குஞ்சு, முதுகெல்லாம் பச்சை. இந்த இனத்துக்கு அந்த மஞ்சளும் ஆரஞ்சும் வளர வளரத்தான் ஏறும். கடையில் இறகை வெட்டித்தான் கொடுத்தார்கள். "அக்கா, கையுறை போட்டுப் பிடிங்க, கத்தினாலும் விடாதீங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று சொல்லியும் அனுப்பினார்கள். நான் நம்பினேன். மூன்று நாள் தோல் கையுறை போட்டுக்கொண்டு பிடித்தேன். நாலாம் நாள் கையுறையைப் பார்த்த உடனேயே பொன்னி தரையில் விழுந்து, வெட்டிய இறகை அடித்துக்கொண்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மகள் அழுதுகொண்டே, "அம்மா, அதுக்கு உன்னைப் பிடிக்கவே பிடிக்காது இனிமே" என்றாள்.

பிறகு ஒரு பறவை மருத்துவரிடம் போனபோது அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை ரொம்ப உலுக்கிவிட்டது. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் பறவையால் மூச்சே விட முடியாது. "நீங்க அடக்கறதா நினைக்கறீங்க. அதுக்கு உயிர் போற பயம்" என்றார். கடிப்பது திமிர் இல்லை. தலையைப் பின்னுக்கு இழுத்தது, இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டது, கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தது என்று பொன்னி அதற்கு முன்னால் பத்து முறை "வேண்டாம்" சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. கடித்ததும் கையை எடுத்தேன். கடித்தால்தான் இவளுக்குப் புரியும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அவர்தான் கிளிக்கர் வாங்கச் சொன்னார். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு தகரத் துண்டு, அழுத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம். ஆன்லைனில் நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அந்தச் சத்தத்துக்குத் தானாக எந்த மதிப்பும் இல்லை. டிக், உடனே அரை சூரியகாந்தி விதை. மறுபடி டிக், மறுபடி அரை விதை. இப்படிப் பதினைந்து, இருபது முறை செய்தால், "டிக் கேட்டால் விதை நிச்சயம்" என்று பறவைக்குப் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம், பறவை நாம் விரும்பியதைச் செய்கிற அந்த நொடியிலேயே டிக். விதை கைக்கு வர இரண்டு வினாடி ஆனாலும் பரவாயில்லை, எதற்காக விதை என்பது சத்தத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். "சமத்து", "குட் கேர்ள்" என்று வாயால் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம். ஆனால் நம் குரல் காலையில் ஒரு மாதிரி, அலுவலகம் விட்டு வந்த சாயங்காலம் ஒரு மாதிரி. டிக் எப்போதும் ஒரே மாதிரி.

பொன்னிக்கு முதலில் அந்தச் சத்தமே பயம். டப்பாவைப் பழைய காட்டன் துணியில் சுற்றி, முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தினேன். மூன்று நாளில் பழகிவிட்டது.

அப்புறம் ஐஸ் குச்சி. கூண்டுக்கு வெளியே நின்று, கம்பி இடுக்கு வழியாக ஒரு ஐஸ் குச்சியின் நுனியைக் காட்டினேன். அவ்வளவுதான் வேலை. அதை அலகால் தொட வேண்டும். முதல் நாள் பொன்னி கூண்டின் மறுகோடியில் நின்று பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, டிக். ஒரு கால் நகர்ந்தது, டிக். ஒவ்வொரு டிக்குக்கும் விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன், அது வந்து எடுத்துப் போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. ஐந்தாவது நாள் சாயங்காலம், கம்பின் மேல் பக்கவாட்டில் நடந்து வந்தது. கழுத்தை நீட்டியது, பின்னால் இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. அந்தக் கறுப்பு நாக்கு நுனியால் குச்சியை ஒரே ஒரு முறை, ருசி பார்ப்பதுபோல் தொட்டது. டிக். விதையைக் காலில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று உரித்துத் தின்றது, மறுகோடிக்கு ஓடவில்லை. நானும் மகளும் சத்தம் வராமல் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் குச்சி போகும் இடமெல்லாம் பொன்னி வரும் என்றானது. குச்சியைப் பின்தொடர்ந்து கூண்டு வாசலுக்கு, வாசலிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து என் முழங்கைக்கு. பிடிக்காமல், தொடாமல், ஏழு வாரத்தில் அதுவாகவே என் கையில் ஏறியது.

ஏழு வாரமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஏழு வாரம். நம் ஊரில் கிளி என்றாலே கையில் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று மனதில் பதிந்துவிட்டது. மீனாட்சி கையில் கிளி. ஆண்டாள் கையில் கிளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைத் தினமும் இலையால் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால், வாங்கி வந்த அன்றைக்கே நம் கையிலும் உட்காரும் என்று எதிர்பார்க்கிறோம். உட்காராவிட்டால் பறவை மேல் கோபம் வருகிறது.

சமயபுரம் கோயில் பக்கம் பார்த்த கிளி ஜோசியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சின்ன மரக் கூண்டு. கதவைத் தூக்கியதும் கிளி நடந்து வரும், சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஒன்றை எடுத்துக் கொடுக்கும், ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போய்விடும். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்து காட்டியதும் இதே தத்துவம்தான், பலன் கிடைக்கிற செயலை உயிர்கள் திரும்பச் செய்யும். அவரிடம் படித்த கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940-களில் அதைக் கொண்டே ஒரு தொழில் தொடங்கி, பிறகு அர்கான்ஸாஸின் ஹாட் ஸ்பிரிங்ஸில் கோழிகளைப் பியானோ வாசிக்க வைத்தார்கள். 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் என்ற பயிற்சியாளர் டால்பின்களை விசிலால் பழக்கினார். நீந்துகிற டால்பினை யார் கழுத்தைப் பிடித்து இழுக்க முடியும்? வரப் பிடித்தால்தான் வரும். அந்த விசில் செய்த வேலையைத்தான் நாய்க்கும் குதிரைக்கும் கிளிக்கும் கிளிக்கர் செய்கிறது.

ஆனால் ஜோசியக் கிளியையும் இதையும் ஒன்றாக வைக்க என்னால் முடியாது. அது காட்டிலிருந்தோ மரப்பொந்திலிருந்தோ பிடித்து வந்த பச்சைக்கிளி, இறகு வெட்டப்பட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். பலருக்கு இன்னும் இது தெரியவில்லை, தெரிந்தும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சன் கொன்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. வைத்திருப்பவர்கள் பதிவு செய்துவிடுங்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், என் மேஜையில் பொன்னிக்கு எழுந்து போகிற உரிமை இருக்கிறது. குச்சியைக் காட்டும்போது அது முதுகைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. அதற்காக அதன் சாப்பாட்டில் ஒரு பருக்கை குறையாது. "பட்டினி போட்டுப் பழக்கு, சீக்கிரம் வரும்" என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பசியில் வருகிற பறவை விருப்பப்பட்டு வரவில்லை. சூரியகாந்தி விதையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டாலே போதும், கொழுப்பு அதிகம் என்பதால் தினமும் கிண்ணம் நிறையப் போடவும் கூடாது.

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரே கிளியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும். அதைக் கிளிக்கரால் பழக்கவில்லை. இரண்டு பேர் அதன் எதிரே பேசிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். 2007-இல் இறக்கும் வரை அது கற்றதில் எல்லோரும் வியப்பது எண்ணுவதைப் பற்றித்தான். எனக்கோ வேறொன்று. சோதனை அலுத்துப்போனால் அலெக்ஸ், தன் இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று வாய்விட்டே சொல்லும். நம் வீட்டுப் பறவைகளும் அதையேதான் சொல்கின்றன, அலகாலும் இறகாலும்.

சரி, இதனால் என்ன பிரயோஜனம்? வளையத்துக்குள் நுழைவது, கூடையில் பந்து போடுவதெல்லாம் பொன்னிக்கு நான் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது மூன்றுதான். தராசில் ஏறி நிற்பது. ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து குடிப்பது. பறவையை வெளியே தூக்கிப் போகிற கேரியர் கூடைக்குள் தானாகப் போவது.

போன ஆடி மாதம் ஒரு வாரம் பொன்னி எப்போதும்போல் கத்தியது, விளையாடியது, கிண்ணத்தில் உமி குவிந்தது. தராசு மட்டும் வேறு சொன்னது. 112 கிராம் இருந்தது, 108, அப்புறம் 101. வேறு விலங்குகளுக்கு இரையாகிற பறவைகள் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது, காட்டுகிற அன்று பெரும்பாலும் கடைசிக் கட்டமாக இருக்கும். 101 பார்த்த அன்று காலையிலேயே கிளம்பினோம். குச்சியைக் காட்டினேன், கேரியருக்குள் நடந்து போனது. துரத்தவில்லை, துண்டைப் போட்டுப் பிடிக்கவில்லை. அந்த நிலைமையில் இருக்கிற உடம்பு ஒரு துரத்தலைத் தாங்கியிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். குடலில் தொற்று என்றார் டாக்டர். பத்து நாள் மருந்து. பழகிய சிரிஞ்ச் என்பதால் காலையும் இரவும் தானே வந்து அலகை வைத்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. இந்தப் பத்து நாளுக்காகவே அந்த ஏழு வாரம் தகும்.

"இது லஞ்சம் கொடுக்கிற மாதிரி இல்லையா" என்று என் மாமியார் ஆரம்பத்தில் கேட்டார். சம்பளம் வாங்காமல் யார் அத்தை வேலைக்குப் போகிறார்கள் என்றேன். இப்போது மத்தியானம் நான் இல்லாத நேரத்தில் அவர்தான் குச்சியும் டப்பாவுமாக உட்காருகிறார். வயதான கை, அழுத்தக் கொஞ்சம் தாமதமாகும். அதற்கும் பொன்னி பழகிக்கொண்டு காத்திருக்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டாசுச் சத்தம் தொடங்கும் முன்பே கேரியரைப் பழக்கிவிடுங்கள். தீபாவளி ராத்திரி கலவரத்தில் இருக்கிற பறவையை யாராலும் பழக்க முடியாது. முதல் வாரம் கேரியரைக் கதவு திறந்தபடி கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா வையுங்கள், உள்ளே நாலு தினைமணி போடுங்கள், அது போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள்.

இன்று காலை பொன்னி கேரியர் வாசல் வரைக்கும் வந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் தோளில் உட்கார்ந்துகொண்டது. குச்சியை எடுத்து வைத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.