வயிற்றில் கை வைக்காமலே மூச்சு சொல்லித்தரலாம்

மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. நாதஸ்வரம் கற்க வந்த பையனை வாத்தியாரே கதவைச் சாத்திப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதைச் சொல்லும் படம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். அது முடிந்ததும் அரங்கில் நடந்த பேச்சு, ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. எனக்குப் பேச வேண்டியது அந்தக் கைதட்டலைப் பற்றித்தான்.

“வயித்துல கை வைக்காம நாதஸ்வரத்துக்கு மூச்சு எப்படிய்யா சொல்லித்தர்றது? இதைப் போய்த் தப்புன்னு படம் எடுத்தா நாளைக்கு எவன் பாடம் நடத்துவான்?” என்று கேட்டார் நாதஸ்வரம் தெரிந்த ஒரு பெரியவர். பாதி அரங்கு கைதட்டியது.

ஐயா, கை வைக்காமலே சொல்லித்தரலாம். நீங்கள் வாத்தியம் தெரிந்தவர், உங்களுக்கும் இது தெரியும்.

பையனைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். பாட நோட்டை அவன் கையாலேயே தொப்புளுக்கு மேல் வைத்துக்கொள்ளட்டும். மூச்சை இழுக்கும்போது நோட்டு மேலே வர வேண்டும், தோள் அசையக் கூடாது. தோள் ஏறினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். முதல் வாரத்துக்கு இதுவே போதும். அடுத்து உட்காரவைத்து, அவன் கையை அவன் வயிற்றில் வைக்கச் சொல்லுங்கள், உங்கள் கை உங்கள் வயிற்றில். நீங்கள் ஊதுங்கள், அவன் பார்க்கட்டும். பிறகு உலவை, அதாவது துளை போட்ட நீளக் குழலை, ஓரமாக வைத்துவிட்டு, ஊறவைத்த சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் நாணல்) அது செருகும் கெண்டையும் (சின்ன உலோகக் குழாய்) மட்டும். ஒரே சத்தத்தை 8 எண்ணிக்கைக்கு நிறுத்தட்டும், அப்புறம் 12, அப்புறம் 16. கடைசியில் சத்தம் தொய்ந்தால் வயிறு விட்டுக்கொடுத்துவிட்டது. சத்தம் மெலிந்து, மேலே ஏறிப் பீறினால் தாடை இறுகிச் சீவாளியைக் கடிக்கிறான். காதுக்கே தெரிகிற வித்தியாசத்துக்குக் கை எதற்கு? நாம் கடற்கரையில் இருக்கிறோம். காற்றில் ஈரம் கூடினால் சீவாளி ஒரு மாதிரி பேசும், காய்ந்தால் வேறு மாதிரி. பிள்ளையின் மூச்சைக் குறை சொல்வதற்கு முன்னால் சீவாளியை மாற்றிப் பாருங்கள்.

விரலுக்கும் தொட வேண்டியதில்லை. ஒரு வரிசை வாசித்து முடித்ததும் கையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். விரல் சதையில் துளையின் அச்சு விழுந்திருக்கும். முழு வட்டமாக இருந்தால் துளை சரியாக மூடியிருக்கிறது. பிறை மாதிரிப் பாதி விழுந்திருந்தால் அந்த விரலில்தான் காற்று ஒழுகுகிறது. ஏழு துளை, ஏழு விரல், ஏழு அச்சு. பிள்ளை தானே பார்த்துத் திருத்திக்கொள்வான்.

இன்னொன்று, கதவு திறந்திருக்கட்டும். நாலு தெரு தாண்டிக் கேட்பதற்கென்றே செய்த வாத்தியம் இது. கோபுரத்துக்கு வெளியே, வீதியில் நின்று வாசிக்கிற வாத்தியம். இதைக் கற்றுக்கொள்ளக் கதவைச் சாத்திய அறை எதற்கு?

படம் அசிங்கம் என்கிறார்கள். எந்த இடத்தில்? அந்தக் காட்சியில் கதவு மூடியதும் காமிரா வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து சுருதிப்பெட்டி மட்டும் கேட்கிறது. வாசலில் பையனின் செருப்பு. அவ்வளவுதான் காட்டியிருக்கிறார்கள்.

“சம்பிரதாயம்னு ஒன்னு இருக்குல்ல” என்பீர்கள். இருக்கிறது. நாக்கால் காற்றை வெட்டி ஊதும் துத்துகாரம் சம்பிரதாயம். சாமி உலாவுக்கு வாசிக்கும் மல்லாரி சம்பிரதாயம். சாமி புறப்பாட்டில் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்பது சம்பிரதாயம். கதவைச் சாத்துவது அதில் எங்கே வருகிறது?

“எல்லா வாத்தியாரும் அப்படியா?” இல்லை. படமும் அப்படிச் சொல்லவில்லை.

“பொம்பளப் பிள்ளைன்னா சரி, ஆம்பளப் பையனுக்கு என்ன ஆயிடப்போகுது?” இதையும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் பிள்ளை பெற்றவர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் ஆண், பெண் பேதம் கிடையாது. 18 வயதுக்குக் கீழே என்றால் எல்லாரும் குழந்தைதான்.

என்னை ரொம்பவே அறுத்தது இதுதான்: “நாலு வருஷமா அவன் ஏன் வாயைத் திறக்கலை?” படத்தில் அந்தப் பையன் சொன்னானே, நீங்கள் பார்க்கவில்லையா? செவ்வாய்க்கிழமை ஆனால் வயிற்றுவலி என்றான். படுக்கையை நனைத்தான். 16 எண்ணிக்கை நின்ற மூச்சு 5-இல் அறுந்தது. சீவாளியைக் கடித்துக் கடித்து நாராக்கினான். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள், புதுசாக மூன்று வாங்கிக்கொடுக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் கெட்டவள் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அதனால் சொல்கிறேன். பிள்ளை வாய் திறந்தால் “ஏன் அங்க போன, ஏன் முன்னாடியே சொல்லலை” என்று கேட்காதீர்கள். “நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்லை.” இது போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிவையுங்கள். பெரியப்பா, சித்தப்பா என்று ஆளாளுக்குத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். நடந்தது அன்றைக்கே என்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. எஃப்ஐஆர் இருந்தால்தான் வைத்தியம் என்று அங்கே சொல்லக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். போலீஸ் சீருடை போடாமல், பிள்ளை இருக்கிற இடத்துக்கு வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். “ஊர்ல பேசி முடிச்சுக்கலாம்” என்று மேடையில் சொன்னவருக்கும் இது பொருந்தும்.

படத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. கடைசியில் திருவிழாவில் அவன் வாசித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. அப்படி ஆகாது. அவனுக்கு அடி விழுந்ததே அந்தச் சுருதிக்குள்தான். அந்தச் சத்தமே அவனைத் திரும்ப அந்த அறைக்குள் இழுத்துப்போகும். வாத்தியத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச காலம் சும்மா இருக்க அவனுக்கு உரிமை வேண்டும், மனநல மருத்துவர் வேண்டும். திரும்ப எடுப்பதும் எடுக்காததும் அவன் இஷ்டம். ஆனால் மனநல மருத்துவர் என்றதும் முகம் சுளிக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம். சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள், எழுந்து ஓட வழியில்லாமல். அது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது. மனசில் விழுந்த அடியைக் கண்காணாத இடத்தில் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா?

கைதட்டலுக்கு வருகிறேன். பின்வரிசையில் வாத்தியப் பையோடு 10, 12 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் எழுந்ததும் அவர்கள் மேடையைப் பார்க்கவில்லை. தங்கள் வாத்தியார் தட்டுகிறாரா என்று திரும்பிப் பார்த்தார்கள். சிலர் தட்டினீர்கள். நாளைக் காலையில் அதே பிள்ளைகள் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கதவைத் திறந்து வையுங்கள்.