மிடில்செக்ஸ் கவுன்ட்டி கவுன்சில் கலைக்கப்பட்டது 1974-இல் அல்ல
லண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் என்ற இங்கிலாந்துக் கவுன்ட்டியை (மாவட்டத்தை) நிர்வகித்த மிடில்செக்ஸ் கவுன்ட்டி கவுன்சில் 1974-இல் கலைக்கப்பட்டதாகவும், அதன் ஆவணங்கள் அப்போதே அழிந்துபோனதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, ரட்லாந்து ஆகிய வேறு கவுன்ட்டிகளின் கவுன்சில்கள் மறைந்த ஆண்டுதான் 1974. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1889-இல் செயல்படத் தொடங்கிய மிடில்செக்ஸ் கவுன்சில், 1963-ஆம் ஆண்டின் லண்டன் அரசாங்கச் சட்டப்படி 1965 ஏப்ரல் 1 அன்று முடிவுக்கு வந்தது. அதன் பரப்பில் பெரும்பகுதி பெருநகர லண்டனில் சேர்ந்தது. பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபோர்டுஷயருக்கும், ஸ்டெய்ன்ஸும் சன்பரியும் சர்ரேவுக்கும் போயின.

ஆவணங்கள் அழியவில்லை. மிடில்செக்ஸ் ஆவணக் காப்பகம் 1965-இல் லண்டன் கவுன்ட்டியின் காப்பகத்துடன் இணைக்கப்பட்டது. அந்த இணைந்த காப்பகத்தை நடத்திவந்த பெருநகர லண்டன் கவுன்சில் 1986-இல் ஒழிக்கப்பட்டபோது சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி காப்பகத்தின் பொறுப்பை ஏற்றது. இன்று லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதியில், 2024 முதல் 'லண்டன் ஆர்க்கைவ்ஸ்' என்ற பெயரில் இயங்குவது அதே காப்பகந்தான். கவுன்சிலின் ஆவணங்களோடு, அது பிறப்பதற்கு முன்பு கவுன்ட்டி நிர்வாகத்தைக் கவனித்த அமைதி நீதிபதிகளின் அமர்வுப் பதிவுகளும், 1549-இலிருந்து தொடங்கி, அங்கே பாதுகாக்கப்படுகின்றன. எனவே 1889-க்கு முந்தைய செய்தியைத் தேடுபவர்கள் கவுன்சில் தொகுப்பில் அல்ல, இந்த அமர்வுப் பதிவுகளில்தான் பார்க்க வேண்டும்.

கவுன்சிலின் கட்டடமும் இடிக்கப்படவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில், விந்தையாகக் கவுன்சிலின் நிர்வாக எல்லைக்கு வெளியே, 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட மிடில்செக்ஸ் கில்டுஹாலில் 2009 முதல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இயங்குகிறது.