தங்கம் வாங்கிய பாவத்துக்காக

'கவுண்ட்' என்ற கொரியப் படத்தைப் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாத்தியார் நாலு பசங்களைச் சேர்த்துக்கொண்டு குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறார், அப்புறம் போட்டி, அப்புறம் அழுகை, பார்த்துப் பழகிய கதைதான் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 2023இல் வந்தபோது கொரியாவிலும் படம் பெரிதாக ஓடவில்லை. கதை போகிற பாதை பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பார்க் சி-ஹுன் என்ற நிஜக் குத்துச்சண்டை வீரரின் கதை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இப்படிச் சாதாரணமாகத் தள்ளிவிட மனசு வராது.

1988 சியோல் ஒலிம்பிக், அக்டோபர் 2, குத்துச்சண்டை 71 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி. அமெரிக்காவிலிருந்து வந்த 19 வயது ராய் ஜோன்ஸ் ஜூனியரும் உள்ளூர் வீரர் பார்க் சி-ஹுனும் மோதினார்கள். மூன்று ரவுண்டிலும் ஜோன்ஸின் கைதான் ஓங்கியிருந்தது. அவர் இறக்கிய குத்து 86, பார்க் இறக்கியது 32 என்று கணக்கு. அடி பலமாக விழுந்ததால் நடுவர் சண்டையை நிறுத்தி பார்க்குக்கு எட்டு வரை எண்ண வேண்டியும் வந்தது. அப்படியும் ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் பார்க் ஜெயித்ததாக எழுதிக்கொடுத்தார்கள்! நடுவர் அவர் கையைத் தூக்குகிற காட்சி இணையத்தில் கிடைக்கிறது, அந்த முகத்தைப் பாருங்கள், ஜெயித்தவனுக்கு உரிய களையே அதில் இல்லை. தோற்றதாகச் சொல்லப்பட்ட ஜோன்ஸுக்குத்தான் அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பை கிடைத்தது. இதற்கு மேல் யார் என்ன ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ஒலிம்பிக்கில் ப்யுன் ஜுங்-இல் என்ற கொரிய வீரர் ஒரு பல்கேரிய வீரரிடம் தோற்றபோது கொரியத் தரப்பு ஆட்கள் ரிங்குக்குள் ஏறி நடுவரை அடித்தார்கள், ப்யுன் 67 நிமிடம் ரிங்கைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சூட்டில்தான் கடைசி நாள் வந்தது. ஜட்ஜுகள் காசு வாங்கினார்களா என்று விசாரித்த ஒலிம்பிக் கமிட்டி 1997இல் ஆதாரம் இல்லை என்று சொல்லி, முடிவை அப்படியே விட்டுவிட்டது. பேச்சு வாங்கியதெல்லாம் பார்க்தான், அதுவும் சொந்த நாட்டிலேயே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

இந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்துதான் படம் பிறந்திருக்கிறது. படத்தில் 1998இல் ஜின்ஹே என்ற ஊரில் அவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். திறமை இருந்தும், முன்கூட்டியே பேசி முடித்த ஒரு போட்டியால் தோற்கடிக்கப்பட்ட மாணவன் ஒருவன் அவர் கண்ணில் படுகிறான். அநியாயத் தீர்ப்பால் ஜெயித்தவரும் அநியாயத்தால் தோற்றவனும் ஒரே பயிற்சிக்கூடத்தில் நிற்கிறார்கள் என்பதற்காகவே இந்தப் படத்தை நான் தூக்கிப் பிடிப்பேன். வாத்தியாராக நடித்த ஜின் சன்-க்யுவுக்கு ஜின்ஹேதான் சொந்த ஊர், இத்தனை வருடம் துணை வேடங்களில் பார்த்த அவர் இதில் நாயகன். கோபக்கார வாத்தியாராக அவர் கத்துவதைவிட, பழைய பதக்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது சுருங்கிப்போவது எனக்கு ரொம்பப் பிடித்தது.

படத்தை வெறுப்பவர்களில் ஒரு சாராரின் கோபம் நியாயமானது. ஏமாற்றப்பட்டது ஜோன்ஸ், படம் எடுப்பது பார்க்கைப் பற்றியா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பார்க் யாரிடமும் போய் எனக்குத் தங்கம் கொடு என்று கேட்கவில்லையே. ஏமாந்தவரின் வலி எல்லோருக்கும் சட்டென்று புரியும், வேண்டாத வெற்றியைத் தலையில் கட்டிக்கொண்டு பத்து வருடம் ஊர் வாய்க்குப் பயந்து வாழ்ந்தவரின் வலியைச் சொல்ல ஒரு முழுப் படம் வேண்டியிருக்கிறது. என் குறை வேறு. அந்த மூன்று ஜட்ஜுகள் பக்கம் படம் இன்னும் துணிந்து போயிருக்க வேண்டும். பசங்களின் கலகலப்பில் நிறைய நேரம் போகிறது, அதில் பாதியைக் குறைத்துவிட்டு சியோல் தீர்ப்புக்கு இடம் கொடுத்திருந்தால் "வழக்கமான படம்" என்ற பேச்சே வந்திருக்காது.

படம் வந்தது 2023 பிப்ரவரியில். அதே வருடம் மே 30 அன்று நிஜ பார்க் சி-ஹுன் தன் மகனையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் பென்சகோலாவுக்குப் போய், இது உங்களுடையது என்று அந்தத் தங்கப் பதக்கத்தை ஜோன்ஸ் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தச் சந்திப்பின் வீடியோவை ஜோன்ஸ் வெளியிட்டது 2025இல்தான். எந்தக் கமிட்டியும் சொல்லி பார்க் இதைச் செய்யவில்லை. படத்தை ஏற்கனவே பார்த்து ஒதுக்கியவர்கள் முதலில் 1988 இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள், அப்புறம் இந்த வீடியோ, அப்புறம் திரும்பவும் படம். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் சரி, கமெண்டில் சண்டை போடலாம் வாருங்கள்.