பண்டித ரமாபாயை விட்டுவிட்டீர்களே
கிறிஸ்தவரானவர்களின் ஆத்ம திருப்தி பற்றிய உங்கள் கட்டுரை, ஞானஸ்நானம் எடுத்த அன்றே மனசு நிறைந்துவிடும் என்கிற தொனியில் போகிறது. பண்டித ரமாபாய் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து சமஸ்கிருதத்தில் கரைகண்டவர், 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் அப்போது கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து இல்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். நிறைவு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. (இடையில் ஆங்கிலிக்கன் சபையாரோடு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களோடு, அவர் நடத்திய வாக்குவாதம் தனிக்கதை. எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிற ஆள் இல்லை.) அதன்பிறகும் ஜெபம், தியானம் என்று ஒதுங்கிவிடவில்லை. 1896-97 பஞ்சத்தில் தவித்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் கூட்டிவந்து, பூனா பக்கம் கேட்காவில் முக்தி மிஷன் என்ற தன் ஆதரவு இல்லத்தில் சோறு போட்டு, எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். இந்தப் பக்கத்தைத் தொடாமல் ஆத்ம திருப்தி பற்றி எழுதினால் எப்படி ஐயா?